ஏ.சி.டெக்கில் வரும் 'ஏ.சி.' யார் தெரியுமா? காரைக்குடிக்கு இன்ஜினியரிங் கொண்டுவந்த வள்ளலின் கதை

கிண்டி ஏ.சி.டெக் கல்லூரியைத் தெரியாத இன்ஜினியரிங் மாணவர்கள் குறைவு. ஆனால் அந்த 'ஏ.சி.' யாருன்னு கேட்டா பலருக்கும் தெரியாது. அவர்தான் அழகப்ப செட்டியார்.

யார் இவர்?

1909-ல் காரைக்குடி பக்கத்தில் உள்ள கோட்டையூரில் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படித்தார். தொழுநோய் தாக்கியும் சோர்ந்து உட்காரவில்லை. ஜவுளி ஆலை, விமான நிறுவனம்னு தொழிலில் வளர்ந்தார்.

என்ன கொடுத்தார்?

கெமிக்கல், ஜவுளி, தோல் தொழில்நுட்பம் படித்தவர்கள் நாட்டுக்குத் தேவைப்பட்ட காலம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த 5 லட்சம் ரூபாயில் 1944-ல் உருவானதுதான் ஏ.சி.டெக்.

அடுத்து சொந்த மண். மத்திய அரசு ஆய்வுக்கூடம் ஒன்று காரைக்குடிக்கு வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் திறக்கப்பட்ட அந்த இடம்தான் 'சிக்ரி', மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். இதற்கிடையே 1952-ல் காரைக்குடியில் இன்ஜினியரிங் கல்லூரியையும் தொடங்கிவிட்டார்.

ஏன் முக்கியம்?

ஒரு மாணவருக்கு ஃபீஸ் கட்டினால் ஒரு குடும்பம் நிமிரும். அவர் கல்லூரியையே கட்டியதால் வருஷா வருஷம் புது இன்ஜினியர்கள் வெளியே வர்றாங்க. மாணவிகள் தங்க இடமில்லை என்றபோது குடியிருந்த வீட்டையே கொடுத்துட்டார்.

1957 ஏப்ரல் 5-ல் காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.