பதவியா, மனச்சான்றா?

திருப்பதிக்குப் படிக்க வந்த பின்னரே இப்பெரியாரைப் பற்றி அறிந்தேன். சித்தூரைச் சேர்ந்த கட்டமஞ்சியில் 1880-ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்க ரெட்டி அவர். சி. ஆர். ரெட்டி என்றால் ஆந்திர நாடு நன்கறியும்.

கேம்பிரிட்ஜில் கற்றார், தெலுங்கில் கவிதை படைத்தார். மைசூர் அரசின் கல்வித் துறையில் தலைமை வகித்தபோது, தீண்டாமையின் பேரால் விலக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவுகள் திறக்கப் பாடுபட்டார். 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தரானார்.

1930-இல் உப்புப் போர் மூண்டது. தொண்டர்களுக்குத் தடியடியும் சிறையும் கிடைத்தன. வாய் மூடியிருந்தால் ரெட்டியின் பதவிக்குக் குறைவில்லை. அவரோ ஆங்கில அரசின் அடக்குமுறையைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு அவ்விடத்துக்கு வந்தவர், திருத்தணியில் பிறந்து இதே திருப்பதியில் பள்ளியில் பயின்ற இராதாகிருஷ்ணன்.

1936-இல் ரெட்டி மீண்டும் துணைவேந்தரானார். 1949 வரை பணியாற்றினார். 1951-இல் மறைந்தார். இடையே 1942-இல், அதே ஆங்கில அரசு அளித்த ‘சர்’ பட்டத்தை ஏற்றுக்கொண்டார். அது என் மனத்தை உறுத்துகிறது.

அறிவியல் மாணவன் நான். ஒருமுறை கிடைத்த விளைவைச் சோதனைக்கூடத்தில் நாங்கள் முடிவென்று எழுதுவதில்லை. மனச்சான்றும் அப்படித்தான் போலும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதிக்கப்படுகிறது. ஆயினும் 1930-இல் அவர் தேறினார். பக்கத்து மேசைத் தோழனுக்கு அநீதி நேரும் நாளில், என் உதவித்தொகை போகுமென்று தெரிந்தும் நான் வாய் திறப்பேனா? முதற் சோதனையே எனக்கு இன்னும் வரவில்லை.