வடக்கெல்லைப் போராட்டமும் ம.பொ.சிவஞானத்தின் அரசியல் வாழ்வும்

முன்னுரை

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதி தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாகக் கலந்து வழங்கும் நிலம். ஒரே ஊரில் இருமொழியாளரும் வாழ்தலும், வீட்டில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொரு மொழியும் பேசுதலும் அங்கு இயல்பு. இத்தகைய நிலத்தில் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தமிழர் தரப்பின் முதன்மைக் குரலாக விளங்கியவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம் (1906 - 1995). இலக்கியப் புலமை அவருடைய எல்லை அரசியலை எவ்வாறு உருவாக்கியது என்பதையும், அது எங்கு வரம்பை எட்டியது என்பதையும் அவர் வாழ்வின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இளமையும் கல்வியும்

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியைச் சார்ந்த சால்வன்குப்பத்தில் பொன்னுசாமி, சிவகாமி இணையருக்கு 1906 சூன் 26 அன்று ம.பொ.சி. பிறந்தார். வறுமையால் பள்ளிக் கல்வி மூன்றாம் வகுப்போடு நின்றது. பின்னர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவராகப் பணியாற்றினார். பிறர் எழுதியதை ஈய எழுத்துகளாக அடுக்கிய அத்தொழிலே அவருக்கு மொழிப் பயிற்சியாகவும் அமைந்தது. விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார். 1942 போராட்டத்தின்போது அமராவதிச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைவாசம் சங்க இலக்கியத்திலும் சிலப்பதிகாரத்திலும் அவர் ஆழ்வதற்கு வாய்ப்பளித்தது. மூவேந்தர் நாடுகளையும் ஒரு காப்பியத்துள் அடக்கிய இளங்கோவடிகளின் நோக்கை, ஒன்றுபட்ட தமிழகம் என்னும் அரசியல் கருத்துக்கு அவர் அடிப்படையாக்கினார்.

தமிழரசுக் கழகமும் தலைநகரும்

காங்கிரசில் இருந்துகொண்டே 1946 நவம்பர் 21 அன்று தமிழரசுக் கழகத்தை ம.பொ.சி. தோற்றுவித்தார். இந்திய ஒன்றியத்துக்குள் தன்னாட்சி பெற்ற தமிழகம் என்பது அதன் கொள்கை. பிரிவினையை அவர் ஏற்கவில்லை. இதனால் திராவிட இயக்கத்தாரோடும், மொழிவழி மாநிலங்களை அமைக்கத் தயங்கிய காங்கிரசுத் தலைமையோடும் ஒருசேர முரண்பட நேர்ந்தது. சென்னை நகரையும் உள்ளடக்கிய ஆந்திர மாநிலம் கோரிச் சென்னையிலேயே உண்ணாநோன்பு இருந்த பொட்டி சிறீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். அதைத் தொடர்ந்து, சென்னையைத் தற்காலிகத் தலைநகராகவேனும் ஆந்திரம் பெற வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அதனை எதிர்த்து மாநகராட்சியிலும் பொதுமேடையிலும் ம.பொ.சி. இயங்கினார். ஆந்திரத் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என 1953 மார்ச்சில் நேரு அறிவித்தார்.

திருத்தணி

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுமையாக அதனுள் சென்றது. மாவட்டம் என்னும் நிர்வாக அலகு பிரிக்கப்படாமல் கொள்ளப்பட்டதால், தமிழர் மிகுந்த திருத்தணிப் பகுதியும் உடன் சென்றது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வழக்கறிஞர் கே.விநாயகமும் போராட்டத்தை ஊர்தோறும் கொண்டு சென்றனர். ம.பொ.சி. கைதாகிச் சிறை சென்றார். 1954இல் காங்கிரசுடனான அவரது தொடர்பும் அறுந்தது.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறு நல்லுலகின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சுட்டுவதே அவருடைய வாதத்தின் முதற்சான்று. ஆனால் நடுவராக அமர்த்தப்பட்ட எச்.வி.படாஸ்கர் பழம்பாடலைக் கொண்டு எல்லை வகுக்கவில்லை. கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், பேசுவோர் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி ஆகியவை அவர் கொண்ட அளவுகோல்கள். அவ்வடிப்படையில் அமைந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன.

இவ்விளைவு இருவகையில் கருதத்தக்கது. இலக்கியச் சான்று மக்களைத் திரட்டியது. எல்லையைத் தீர்மானித்ததோ மக்கள்தொகைக் கணக்கு. மாவட்டத்துக்கு மாற்றாகக் கிராமத்தை அலகாகக் கொண்டதே திருத்தணியை மீட்டுத் தந்தது. அதே அளவுகோல் வேங்கடத்தைத் தரவில்லை. எந்தக் கோடும் இருமொழி ஊர்களை முழுமையாகப் பிரிக்க இயலாமையின், எல்லையின் இருபுறத்தும் மொழிச் சிறுபான்மையர் எஞ்சினர். பள்ளிப்பட்டுப் பகுதியில் தெலுங்கும் எல்லைக்கப்பால் தமிழும் இன்றும் வழங்குதல் இதற்குச் சான்று.

பிற்காலம்

வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு என்னும் நூலுக்காக 1966இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார். 1967இல் தியாகராய நகரிலிருந்து, தாம் முன்னர் எதிர்த்த தி.மு.க.வின் துணையோடு சட்டமன்றம் சென்றார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டும் தீர்மானம் அவ்வாண்டு நிறைவேறியபோது அவர் அவையில் இருந்தார். பின்னர்ச் சட்டமேலவைத் தலைவராகவும் விளங்கினார். 1995 அக்டோபர் 3 அன்று மறைந்தார்.

முடிவுரை

ம.பொ.சி.யின் வாழ்வில் இலக்கியமும் அரசியலும் வேறு வேறு துறைகளாக நிற்கவில்லை. பாயிரம் சுட்டும் எல்லை ஒரு மொழி வழங்கிய பரப்பைக் குறிப்பது. சட்டம் வகுக்கும் எல்லை ஓர் அரசின் ஆட்சிப் பரப்பைக் குறிப்பது. இவ்விரண்டையும் ஒன்றாக்க அவர் முயன்றார். அம்முயற்சியின் வெற்றிக்குத் திருத்தணியும் அதன் வரம்புக்குத் திருப்பதியும் சான்றாகின்றன. எல்லை வரலாற்றை வெற்றி தோல்விக் கணக்காக மட்டும் எழுதாமல், எல்லையோர இருமொழி மக்களின் கல்வி, வழக்குமொழி ஆகியவற்றோடு இணைத்து ஆராய்வது இனி வேண்டப்படும் பணியாகும்.