கொத்தனார் வேலை தெரிந்த சர்ஜன்

போன பொங்கலுக்கு எங்க ஊர் குரும்பகரத்தில் கபடி ஆடும்போது என் சித்தப்பா பையனுக்கு வலது முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது. ஸ்கேனில் ஏசிஎல் முழுசா போயிருந்தது. தொடைக்குப் பின்பக்கம் இருக்கும் இரண்டு டெண்டன்களை எடுத்து, மடித்து, முட்டிக்கு மேலும் கீழும் எலும்பில் துளை போட்டு, அதுக்குள்ள இழுத்துக் கட்டுவோம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். அங்கேருந்து எடுத்தா அந்த இடம் என்னடா ஆகும், நீ இஞ்சினியருக்குத்தானே படிக்கிற, சொல்லு.

எனக்கு பதில் தெரியல. பைனல் இயர் மெக்கானிக்கல், ஆனா டெண்டனுக்கும் லிகமெண்டுக்கும் வித்தியாசமே அன்னைக்குத்தான் படிச்சேன். டெண்டன் தசையை எலும்போடு கட்டும் கயிறு. லிகமெண்ட் எலும்பை எலும்போடு கட்டுவது. அப்படித் தேடிப் படித்துக்கொண்டே போனபோதுதான் பால் பிராண்ட் வந்து மாட்டினார். முட்டி டாக்டர் இல்ல, கை டாக்டர். ஆனா உடம்பின் ஒரு இடத்துக் கயிற்றை எடுத்து இன்னொரு இடத்தில் கட்டும் வேலையை நம்ம வேலூரிலும் செங்கல்பட்டிலும் செய்து உலகத்துக்கே காட்டியவர்.

1914ல் பிறந்தார், வளர்ந்தது கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். பையன் மலையில் மரம் ஏறி, தமிழ் பேசி வளர்ந்தான். 9 வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929ல் அப்பா மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். தந்தி முதலில் வந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போது எழுதிய கடிதம் அதுக்கப்புறம் கப்பலில் வந்து சேர்ந்தது. அவருக்கு அப்போ வயது 14.

டாக்டர் ஆகவே அவருக்கு விருப்பம் இல்ல. மலையில் அப்பா புண்களுக்கு மருந்து போடும்போது பார்த்த சீழும் ரத்தமும் அவரை விரட்டியிருந்தன. அதனால் கட்டட வேலை கற்றுக்கொள்ளப் போனார். கல் அடுக்குவது, மரம் இழைப்பது என்று சில வருஷம். மருத்துவம் படித்தது அதுக்கப்புறம்தான். லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் சர்ஜரி பழகினார். 1943ல் கூடப் படித்த மார்கரெட்டைக் கல்யாணம் செய்தார். (அவர் பின்னால் கண் டாக்டராக வேலூரில் பெரிய வேலை செய்தார், அது தனிக் கட்டுரை.) 1946ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார்.

1947ல் ராபர்ட் காக்ரேன் என்ற தொழுநோய் நிபுணர் அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். எங்கு பார்த்தாலும் கழுகு நகம் மாதிரி மடங்கிப்போன கைகள். இதுக்கு என்ன செய்கிறீர்கள் என்று பிராண்ட் கேட்டார். எலும்பு டாக்டர் நீங்கதான், நீங்க சொல்லுங்க என்பது போல பதில் வந்தது. ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையை வைத்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழுத்தச் சொன்னார். பிடி பலமில்லாமல் இருக்கும் என்று நினைத்தார். ஆனா அந்த ஆள் நகம் பதியும் அளவுக்கு அழுத்தினார்.

எனக்கு இந்த இடம்தான் பிடிச்சது. மோட்டார் நல்லா ஓடுது, பெல்ட்தான் தப்பா இருக்கு, அவ்வளவுதான். தொழுநோய் நரம்பைக் கெடுப்பது பெரும்பாலும் தோலுக்குப் பக்கத்தில் வரும் இடங்களில், முழங்கை, மணிக்கட்டு மாதிரி. அந்த இடத்துக்கு மேலேயே நரம்பு பெற்றுவிட்ட முன்கைத் தசைகள் தப்பித்துவிடும். உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகள் செத்துவிடும். விரலின் முதல் மூட்டை மடக்கி, மற்ற இரண்டையும் நேராக்குவது அந்தச் சின்னத் தசைகளின் வேலை. அது போனால் விரல் திறக்காது. சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாது, டம்ளர் பிடிக்க முடியாது.

ஆக, நல்ல தசை ஒன்றை எடுத்து அந்த வேலைக்கு மாற்ற வேண்டும். முதலில் விரலை மடக்கும் இரண்டு டெண்டன்களில் ஒன்றை எடுத்துப் பிரித்துக் கட்டிப் பார்த்தார். அது ஏற்கெனவே மற்ற சர்ஜன்கள் செய்த முறை. பிறகு தன் முறைக்கு வந்தார். மணிக்கட்டைத் தூக்க கிட்டத்தட்ட ஒரே வேலை செய்யும் இரண்டு தசைகள் இருக்கின்றன. அதில் ஒன்றை வெட்டி எடுக்கலாம். ஆனா அது விரல் வரைக்கும் எட்டாது. கெண்டைக்காலில் பிளான்டாரிஸ் என்று நீளமான, நூல் மாதிரி ஒரு டெண்டன் இருக்கிறது. சிலர் அது இல்லாமலேயே பிறக்கிறார்கள், அவர்களுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. அதை எடுத்து நான்கு வாலாகப் பிரித்து, நான்கு விரலுக்கும் கட்டினார். சித்தப்பா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கு. உடம்பில் எது ஸ்பேர், எது ஸ்பேர் இல்ல என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். முட்டிக்கு எடுக்கும் தொடை டெண்டனும் அப்படித்தான், பக்கத்துத் தசைகள் பெரும்பாலான வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கட்டுவதில்தான் நம்ம பாடம் வருகிறது. ரொம்ப இறுக்கிக் கட்டினால் விரல் மடங்காது, தளர்த்திக் கட்டினால் பலம் வராது. கயிறு வளைந்து வளைந்து போனால் உராய்வு, ஒட்டிக்கொள்ளும். நேராகப் போக வழி தேட வேண்டும். இதையெல்லாம் பிற்காலத்தில் அளந்து, கணக்குப் போட்டு, 1985ல் 'கிளினிக்கல் மெக்கானிக்ஸ் ஆஃப் த ஹேண்ட்' என்று புத்தகமாகப் போட்டார். அதில் நமக்குத் தெரிந்த ஃபோர்ஸ், மொமென்ட் ஆர்ம் எல்லாம் வருது. செகண்ட் இயரில் யாராவது இதைக் காட்டியிருந்தால் நான் மெக்கானிக்ஸில் அரியர் வைத்திருக்க மாட்டேன்.

சில வாரம் மாவுக்கட்டு. அதுக்கப்புறம் மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்த தசை இனி விரலை நகர்த்த வேண்டும் என்று மூளைக்குப் பழக்க வேண்டும். பிசியோதெரபி இல்லாமல் சர்ஜரி பாதி வேலைதான்.

கை சரியானவர்கள் ஊருக்குப் போனார்கள். சிலர் திரும்பி வந்து குறை சொன்னார்கள். மடங்கிய கைக்குப் பிச்சை விழுந்தது, இந்தக் கைக்கு விழவில்லை, தழும்பைப் பார்த்து வேலையும் யாரும் கொடுக்கவில்லை. பிராண்ட் இதில் ஆடிப்போனார். பிறகு வேலூரில் நவஜீவ நிலையம் என்று மண் குடிசைகள் போட்டு, மரவேலை, பொம்மை செய்வது என்று கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். சின்ன வயதில் கற்ற தச்சு வேலை அங்கேதான் உதவியது.

அங்கே இன்னொன்றும் கண்டார். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் அடிபட்டு, சுட்டு, தேய்ந்து போகின்றன. துருப்பிடித்த பூட்டை ஒரு பையன் சாதாரணமாகத் திறந்தான், பார்த்தால் விரல் எலும்பு வரை கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவே இல்ல. ராத்திரியில் விரல் நுனி காணாமல் போகிறதே என்று காவல் இருந்து பார்த்தால், எலி கடித்துக்கொண்டிருந்தது. அதுக்கப்புறம் நோயாளிகள் ஆளுக்கொரு பூனை வளர்த்தார்கள்.

மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபோது, சக்கர நாற்காலியில் இருந்தபடியே கை சர்ஜரி செய்யலாம் என்று ஊக்கம் கொடுத்தவரும் பிராண்ட்தான். அவர் அப்படியே செய்தார்.

1966ல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அங்கே வலி தெரியாத பாதத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று அளந்தார். அது இன்றைக்கு நம்ம வீட்டுச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் உதவுகிறது. அம்மா ஈவ்லின் கடைசி வரை இந்தியாவிலேயே இருந்து 1974ல் இறந்தார். மகன் 2003ல் சியாட்டிலில்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். முழுசா கேட்டுவிட்டு, அந்த ஸ்பேர் நூல் நம்ம பயலுக்கு இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளு என்றார். அது முட்டிக்கு எடுக்கிறது இல்ல சித்தப்பா என்றேன். இருந்தாலும் கேட்டு வைக்கணுமாம். சர்ஜரி அடுத்த மாசம்.