பகிடியும் வதையும்: ‘சிரித்திரன்’ சுந்தர் விட்டுச்சென்ற அளவுகோல்

தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சியொன்றைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பவர்கள் அண்மைக் காலமாக ஒரு விடயத்தை அவதானித்திருப்பர். மேடையில் தோன்றும் கலைஞர் தமது சக கலைஞரின் கறுத்த நிறத்தைச் சொல்லிச் சிரிப்பூட்டுகின்றார். அடுத்தவர் ஒரு பெண்ணின் பருமனைச் சொல்கின்றார். மற்றொருவர் பெண்வேடமிட்டு வந்து, திருநங்கையரின் நடையையும் குரலையும் கேலிப்பொருளாக்குகின்றார். நடுவர்கள் நாற்காலியில் இருந்து எழுந்து கைதட்டுகின்றனர். யாரேனும் முறையிட்டால், அது வெறும் பகிடிதானே, இதற்கெல்லாம் கோபிக்கலாமா என்ற பதிலே உடனடியாக வருகின்றது. பகிடியை ஏற்கத் தெரியாதவர் என்ற பழியும் மேலதிகமாக வந்து சேர்கின்றது. நோகடித்தவர் தப்பிவிட, நொந்தவரே குற்றவாளியாகி விடுகின்றார்.

பகிடி என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் மன்னிப்பு வழங்கிவிடுமா? இந்த வினாவுக்கு விடை தேடும்போது, சிரிப்பையே வாழ்நாட் பணியாகக் கொண்டு இந்த மண்ணில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் நினைவு எழுவது தவிர்க்கவியலாதது. சி. சிவஞானசுந்தரம் என்ற இயற்பெயரால் அவரை அறிந்தவர்கள் சிலர். ‘சிரித்திரன்’ சுந்தர் என்றால் அறியாதவர் குடாநாட்டின் முதிய தலைமுறையில் எவரும் இலர்.

1924 இல் வடமராட்சியின் கரவெட்டியில் பிறந்தவர் சுந்தர். பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட பல அறிஞர்களையும் எழுத்தாளர்களையும் தந்த ஊர் அது. கல்வியே மூலதனம், அரசாங்க உத்தியோகமே இலட்சியம் என்றிருந்த அக்கால யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் எதிர்பார்ப்புக்கு இசைவாகவே அவரது இளமைப் பயணமும் தொடங்கியது. கட்டடக்கலை கற்பதற்காக அவர் பம்பாய் சென்றார். அந்நகரமோ அப்பொழுது இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் தலைவாசல்களுள் ஒன்றாக விளங்கியது. ஆர். கே. லக்ஷ்மணின் கோடுகள் காலைப் பத்திரிகை வாசகர்களை ஆட்கொள்ளத் தொடங்கியிருந்த காலம் அது. கட்டடங்களை வரையப் போன இளைஞரின் கை மனிதர்களை வரையத் தொடங்கியது. அவருடைய கேலிச்சித்திரங்கள் அங்குள்ள இதழ்களில் இடம்பிடித்தன. ஊர் எதிர்பார்த்த கட்டடக் கலைஞருக்குப் பதிலாகக் கேலிச்சித்திரக்காரர் ஒருவரே நாடு திரும்பினார்.

திரும்பி வந்தவர் கொழும்பில் தொழில் பார்த்தபடியே பத்திரிகைகளுக்கு வரைந்தார். ‘தினகரன்’ பத்திரிகையில் அவர் படைத்த ‘சவாரித்தம்பர்’ என்ற பாத்திரம் வீட்டுக்கு வீடு அறிமுகமாயிற்று. மாட்டுவண்டிச் சவாரி யாழ்ப்பாணக் கிராமங்களின் வீர விளையாட்டு. அந்தச் சவாரியைப் பெயரிலேயே சுமந்து, வேட்டியும் சால்வையுமாக வந்த தம்பர், தமக்கு அடுத்த வீட்டுக்காரர் என்றே வாசகர்கள் எண்ணினர். அவருக்குத் துணையாகச் சின்னக்குட்டி வந்தார். மைனர் மச்சானும், மெயில்வாகனத்தாரும், மிஸிஸ் டாமோடிரனும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டனர். ஒரு சமூகம் தன் முகத்தை ஒரே குடும்பப் படத்தில் கண்டதுபோல இருந்தது.

1960களின் முற்பகுதியில் ‘சிரித்திரன்’ சஞ்சிகையை அவர் கொழும்பில் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் அது யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. நகைச்சுவைக்கென ஒரு தமிழ்ச் சஞ்சிகையை மூன்று தசாப்தங்கள் வரை இழுத்துச் செல்வது எளிதான காரியமன்று. தமிழக இதழ்கள் கப்பலிலும் விமானத்திலும் வந்து குவிந்த சந்தையில், சிறிய வாசகர் தொகையை நம்பி, விளம்பர பலமின்றி அவர் அதனை நடத்தினார். கேலிச்சித்திரங்களோடு சிறுகதை, கவிதை, துணுக்கு என்பவற்றுக்கும் இடமளித்து, இளம் எழுத்தாளர் பலருக்குக் களம் அமைத்தார். ‘மகுடி’ என்ற பெயரில் அவர் வழங்கிய கேள்வி பதில்களை வாசிப்பதற்கென்றே இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டியவர்கள் உண்டு. எமது பள்ளிப் பருவத்தில் ஊர் வாசிகசாலையில் சிரித்திரன் இதழுக்காக முறை வைத்துக் காத்திருந்ததும், சலூன் வாங்கிலிலே கிழிந்த பழைய இதழொன்றை எழுத்தெண்ணி வாசித்ததும் இன்றும் நினைவில் நிற்கின்றன.

சுந்தர் எவற்றைக் கண்டு சிரித்தார் என்பதே இங்கு நாம் கருத வேண்டியது. சீதனத்தைக் கண்டு சிரித்தார். சாதித்திமிரைக் கண்டு சிரித்தார். ஆங்கிலம் பேசினால் அறிவு வந்துவிடும் என்ற மயக்கத்தையும், உத்தியோக மாப்பிள்ளைக்குப் போடப்படும் விலையையும், தேர்தல் மேடைகளின் வாய்வீச்சையும் கண்டு சிரித்தார். இவை யாவும் மனிதர் தாமாகத் தேடிக்கொண்டவை. நினைத்தால் விட்டுவிடக் கூடியவை. நிறமும், உயரமும், உடற்குறையும், திக்கும் நாவும் அத்தகையவை அல்ல. ஒருவர் தேர்ந்துகொண்ட போலித்தனத்தைச் சுட்டுவது கேலி. அவர் தேர்ந்துகொள்ளாத உடலைச் சுட்டுவது வதை. இந்த வேறுபாட்டைச் சூத்திரமாக அவர் எங்கும் எழுதிவைத்தாரோ இல்லையோ, அவருடைய கோடுகள் அதனை உணர்த்தின.

அவருடைய கேலிக்கு ஆளானவர்களே அந்த இதழைக் காசு கொடுத்து வாங்கினர் என்பது மற்றொரு சிறப்பு. சீதனம் கேட்ட மாமனாரும், உத்தியோகப் பெருமை பேசிய மருமகனும் சிரித்திரனை வாசித்துச் சிரித்தனர். அந்தச் சிரிப்பின் இடையே ஒரு சிறு கூச்சமும் அவர்களுக்கு ஏற்பட்டிருக்கும். அந்தக் கூச்சமே நல்ல நகைச்சுவையின் பயன். இன்றைய தொலைக்காட்சிப் பகிடியில் கூச்சமடைய வேண்டியவர் கூச்சமடைவதில்லை. வீட்டில் இருந்து பார்க்கும் கறுத்த நிறச் சிறுமி கூச்சமடைகின்றாள்.

சுந்தரை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவராகக் காட்டுவது எமது நோக்கமன்று. மிஸிஸ் டாமோடிரன் பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். தாமோதரன் என்ற நல்ல தமிழ்ப் பெயரை ஆங்கில நாக்கால் உருட்டிக்கொண்ட சீமாட்டி அவர். மேனாட்டு மோகத்தைச் சாடும் நோக்கம் தெளிவானதே. எனினும், அந்த மோகம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் திரிந்த ஆண்களிடம் குறைவாகவா இருந்தது? அதன் முகமாக ஒரு பெண் நிறுத்தப்பட்டது ஏன் என்று இன்றைய வாசகி கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. எவ்வளவு உயர்ந்த கலைஞராயினும் தம் காலத்தின் பார்வையிலிருந்து முற்றாக விடுபடுவதில்லை. சுந்தர் விட்டுச்சென்ற அளவுகோல் சுந்தரையும் அளக்க உதவுகின்றது என்பதை அக்கலைக்குரிய பெருமையாகவே நாம் கொள்கின்றோம்.

பேச்சுவழக்கைக் கேலி செய்வது பற்றியும் இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ‘தெனாலி’ திரைப்படத்தில் கமல்ஹாசன், எதற்கும் அஞ்சும் ஈழத்தமிழர் ஒருவராக, எமது பேச்சுத்தமிழைப் பேசி நடித்தார். தொலைக்காட்சிகள் அதனைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அவரது உழைப்பை மெச்சி, வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் எம்மிடையே உண்டு. போர் தந்த அச்சம் சிரிப்புக்குரியதா என்று மனம் நெருடியவர்களும் உண்டு. அதே வேளை, 1970களில் இலங்கை வானொலியில் ஒலித்து, 1976 இல் திரைப்படமாகவும் வந்த ‘கோமாளிகள்’ நாடகத்தில், நாட்டின் பல சமூகத்தவரது பேச்சுத்தமிழும் கலந்து ஒலித்தது. ஒருவர் மற்றவரைச் சிரித்தார். மற்றவரும் அவரைத் திருப்பிச் சிரித்தார். கேலி செய்யப்படுபவருக்குத் திருப்பிச் சிரிக்க இடமிருக்கின்றதா என்பதே இங்கு உரைகல். ஒலிவாங்கி ஒருவர் கையில் மட்டும் இருக்கும்போது பகிடி என்பது ஒருவழிப் பாதையாகி விடுகின்றது.

எமது சொந்த அனுபவமொன்றையும் மறைக்காமல் கூறுவதே முறை. பல ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பணியாற்றிய பத்திரிகை ஒன்றின் வார இதழில், திக்கிப் பேசும் ஒருவரைப் பற்றிய துணுக்கு வெளிவந்தது. அதனைத் தெரிவு செய்தவர்களுள் நாமும் ஒருவர். அடுத்த வாரம் ஒரு தந்தையார் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகனுக்குத் திக்குவாய். வகுப்பில் பிள்ளைகள் அந்தத் துணுக்கை மனப்பாடம் செய்து, அவன் வாய் திறக்கும்போதெல்லாம் நடித்துக் காட்டுகின்றனராம். பையன் மூன்று நாட்களாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, பகிடிக்காகப் போட்டதுதான் என்று நாம் சமாதானம் கூறினோம். அவர் வாதாடவில்லை. அந்தத் தாளை எமது மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். எமது சமாதானம் எவ்வளவு வெறுமையானது என்பது அவர் போன பின்னரே எமக்கு உறைத்தது. எழுதியவரின் எண்ணம் அந்தப் பையனின் வகுப்பறைக்குள் போகவில்லை. துணுக்கு மட்டுமே போனது.

இலங்கைத் தமிழில் ஒரு சொல் உண்டு. பல்கலைக்கழகங்களில் புதுமுக மாணவரை மூத்தோர் துன்புறுத்துவதை நாம் ‘பகிடிவதை’ என்கின்றோம். பகிடி என்ற பெயரில் நடப்பது வதை என்பதை எமது மொழி எப்போதோ கண்டுகொண்டு, இரண்டையும் ஒரே சொல்லாகப் பிணைத்து வைத்திருக்கின்றது. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் அத்தகைய வதையால் உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டில், 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அங்கும் தொடக்கத்தில் சொல்லப்படுவது, பழகுவதற்காகச் செய்யும் பகிடிதானே என்பதுதான். தொலைக்காட்சிக் கேலியையும் உயிர்ப்பலி கொண்ட வதையையும் ஒரே தட்டில் வைப்பது எமது கருத்தன்று. ஆனால் சாக்கு ஒன்றாகவே இருக்கின்றது. ஒருவரின் நோவைப் பொருட்படுத்தாமல் சிரிக்கப் பழகும் மனம், அந்தப் பழக்கத்தை எங்கோ கற்றுக்கொள்கின்றது. நாள்தோறும் வரவேற்பறையில் அதற்கான பாடம் நடக்கின்றது என்பதே எமது கவலை.

தொலைக்காட்சி நகைச்சுவைக்குச் சட்டத்தால் கடிவாளமிட வேண்டும் என்று நாம் கோரவில்லை. தணிக்கையின் கத்தி முதலில் வெட்டுவது அதிகாரத்தைக் கேலி செய்வோரையே என்பதை இம்மண்ணின் பத்திரிகையாளர் நன்கறிவர். சுந்தர் வாழ்ந்த காலமே அதற்குச் சான்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்ததையும், 1983 இன் கொடுமைகளையும், அதன்பின் வந்த போரையும் கண்ட தலைமுறை அவருடையது. 1990களில் பொருளாதாரத் தடையால் பத்திரிகைத் தாளே அருகி, பாடசாலைக் கொப்பித் தாளில் செய்தி அச்சாகிய நாட்களும் வந்தன. அந்தக் காலம் சிரித்திரனையும் விட்டுவைக்கவில்லை. இதழ் இடையிடையே முடங்கியது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டு, 1996 இல், சுந்தர் மறைந்தார். சிரிப்பதற்குக் காரணமே இல்லாத ஆண்டுகளில் ஒரு சமூகத்தைச் சிரிக்க வைக்க முயன்றவர் அவர். ஏற்கனவே நொந்திருந்த மக்களை மேலும் நோகடித்துச் சிரிப்பு வாங்க அவர் முயலவில்லை என்பதுதான் அவரது வாழ்வின் சாரம் என்று நாம் கருதுகின்றோம்.

அவர் மறைந்து ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் ஆகின்றன. சவாரித்தம்பரை அறியாத தலைமுறையொன்று கையிற் கைபேசியோடு வளர்ந்துவிட்டது. நகைச்சுவை நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் எம்மவர்கள், அயலவரின் வடிவங்களைப் பிரதி செய்வதற்கு முன்னர், பழைய சிரித்திரன் இதழ்கள் சிலவற்றைப் புரட்டிப் பார்ப்பது நன்று. நகைச்சுவைக்கான கருப்பொருள் எமது சமூகத்தில் இன்றும் குறைவின்றியே கிடக்கின்றது. சீதனம் ஒழிந்துவிடவில்லை. சாதித்திமிர் பெயரை மாற்றிக்கொண்டு உலவுகின்றது. வெளிநாட்டுக் காசில் நடக்கும் சடங்குகளின் ஆடம்பரம் ஒரு நூறு கேலிச்சித்திரங்களுக்குப் போதும். இவற்றையெல்லாம் விட்டு ஒருவரின் நிறத்தையும் பருமனையும் நாடிச் செல்வது கலைஞரின் துணிவைக் காட்டவில்லை, சோம்பலையே காட்டுகின்றது.

பார்வையாளர்களாகிய எமக்கும் ஒரு பங்குண்டு. அடுத்த முறை அத்தகைய பகிடியொன்று திரையில் வரும்போது, சிரிப்பதற்கு முன்னர் எம்முடன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் முகங்களை ஒரு கணம் பார்ப்போம். அவர்களுள் ஒருவர் சிரிக்காமல் தலைகுனிந்திருந்தால், அலைவரிசையை மாற்றுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.