படம் காட்டி மொழி கற்பித்தவர்



ஒன்றாம் வகுப்பில் அணில் படம், ஆடு படம் பார்த்துத்தானே நாம எல்லாரும் எழுத்துப் படிச்சோம்? ஆனால் நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஜான் அமோஸ் கொமேனியஸ்.

இவர் 1592-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி மொராவியாவில் பிறந்தார். அது இப்போது செக் குடியரசு நாட்டில் இருக்கிறது. சிறு வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்து அத்தை வீட்டில் வளர்ந்தார். லத்தீன் பள்ளியில் சேரும்போது அவருக்கு 16 வயசு.

அந்தக் காலத்தில் மேல்படிப்பு எல்லாம் லத்தீன் மொழியில்தான். ஆனால் அது யார் வீட்டிலும் பேசுகிற மொழி இல்லை. இலக்கணத்தையும் லத்தீனிலேயே சொல்லித் தருவார்கள். பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்யணும். வரவில்லை என்றால் பிரம்படி. கொஞ்சம் விவரம் தெரிந்த வயதில் போய்ச் சேர்ந்ததால், இதில் எங்கே தப்பு நடக்கிறது என்று கொமேனியஸுக்கு நன்றாகப் புரிந்தது.

ஜெர்மனியில் படித்துத் திரும்பி ஆசிரியராகவும், பிறகு சபைப் போதகராகவும் ஆனார். 1618-ல் முப்பதாண்டுப் போர் தொடங்கியது. அவர் இருந்த ஃபுல்னெக் ஊரைப் படைகள் 1621-ல் சூறையாடின. அவர் ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் மனைவியும் இரண்டு குழந்தைகளும் கொள்ளை நோயில் இறந்துவிட்டார்கள். அவருடைய சபையைச் சேர்ந்தவர்களை அரசு நாட்டை விட்டே விரட்டியது. 1628-ல் போலந்து நாட்டின் லெஷ்னோ நகரத்துக்குப் போனார். சொந்த நாட்டுக்குத் திரும்பி வந்து வாழ அவருக்குக் கடைசிவரை கொடுத்து வைக்கவில்லை.

வேறொருவராக இருந்தால் மனசு உடைந்து உட்கார்ந்திருப்பார். அவரோ லெஷ்னோவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே 1631-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மொழிகளின் வாசல் திறந்தது என்று அதன் பெயருக்கு அர்த்தம். சுமார் 8000 லத்தீன் சொற்களை 1000 வாக்கியங்களாக்கி 100 தலைப்புகளில் கொடுத்தார். நெருப்பு, மரம், விலங்கு, உடம்பு, தொழில் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற பொருள்கள்தான் பாடம். பல நாட்டுக்காரர்கள் பக்கத்திலேயே தங்கள் மொழியையும் சேர்த்து அச்சடித்தார்கள்.

அவர் புகழ் பரவியது. 1641-ல் லண்டனுக்கு அழைத்தார்கள். அங்கேயும் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. 1642-ல் ஸ்வீடன் அழைத்து, பள்ளிப் புத்தகங்கள் எழுதும் வேலையைக் கொடுத்தது. 1650-ல் ஹங்கேரிக்குப் போனார். அங்கே பாடங்களையே நாடகமாக எழுதி மாணவர்களை நடிக்க வைத்தார்.

ஹங்கேரியில்தான் அவருடைய படப் புத்தகமும் உருவானது. ஒரு பாடத்துக்கு ஒரு படம். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டிருக்கும். கீழே அதே எண்ணோடு அந்தப் பொருளின் பெயர் லத்தீனிலும் தாய்மொழியிலும் இருக்கும். எழுத்துகளைக்கூட காகம், ஆட்டுக்குட்டி போன்றவற்றின் சத்தத்தை வைத்தே கற்றுத் தந்தார். ஆனால் படத்தை மரக்கட்டையில் செதுக்கிக் கொடுக்க அங்கே ஆள் கிடைக்கவில்லை. அதனால் புத்தகம் ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரத்துக்கு அச்சுக்குப் போனது.

அதற்குள் அவருக்கு இன்னொரு பேரிடி. லெஷ்னோவுக்குத் திரும்பியிருந்தபோது, 1656-ல் போரில் அந்த நகரமே தீப்பற்றி எரிந்தது. வீடு போச்சு, கையெழுத்துப் பிரதிகளும் போச்சு. நாற்பது வருஷத்துக்கு மேல் சொல் சொல்லாகச் சேர்த்த செக், லத்தீன் அகராதியும் சாம்பலாகிவிட்டது. அப்போது அவருக்கு வயசு 64! கையில் ஒன்றும் இல்லாமல் ஆம்ஸ்டர்டாம் நகரம் போய்ச் சேர்ந்தார். அங்கே 1657-ல் தன் கல்வி நூல்களை எல்லாம் தொகுத்து வெளியிட்டார். படப் புத்தகம் 1658-ல் வெளிவந்தது. அடுத்த வருஷமே இங்கிலீஷிலும் வந்தது. அதற்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் பல நாட்டுப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள்.

அவருடைய கருத்துகள் இன்றைக்கும் பொருந்தும். முதலில் தாய்மொழியில் நன்றாகப் படிக்கணும், பிறகு பக்கத்து நாட்டு மொழி, அதற்கு மேல் லத்தீன் என்று வரிசை சொன்னார். பொருளைக் காட்டிவிட்டுத்தான் சொல்லைச் சொல்லணும். பாடம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை அடிக்கக் கூடாது. பணக்காரர், ஏழை, நகரம், கிராமம், ஆண், பெண் என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பணும். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு என்று இன்னமும் கேட்கிறவர்கள், ஒருவர் நானூறு வருஷத்துக்கு முன்பே இதற்குப் பதில் எழுதிவிட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கொமேனியஸ் 1670 நவம்பர் 15-ல் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். நமக்குச் செப்டம்பர் 5 மாதிரி, செக் குடியரசில் அவர் பிறந்த மார்ச் 28-ஐத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். வாழ விடாமல் விரட்டிய அவர் நாடு, இன்று தன் பணத்தாளில் அவர் முகத்தை அச்சடித்து வைத்திருக்கிறது.

தோழர்களே, இங்கிலீஷ் என்றாலே நம்மில் நிறையப் பேருக்கு வயிற்றைக் கலக்குது. நம்ம மூளையில் குறை இல்லை. பார்க்காத பொருளின் பெயரை மனப்பாடம் செய்வதால்தான் அது நிற்க மாட்டேங்குது. அதனால் இந்தத் தாளுக்குக் கீழே ஒரு கிணற்றடிப் படம் வரைந்து, கொமேனியஸ் மாதிரியே எண் போட்டு ஒட்டியிருக்கிறேன். வாளி, கயிறு, உருளை, துவைக்கிற கல் என்று 20 பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறது. எதிரில் இங்கிலீஷ் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் பென்சிலால் எழுதுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் எழுதலாம், யாரும் திட்ட மாட்டோம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி