உடனிருந்த மேய்ப்பர்

காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அவ்வுவமையைத் தம் வாழ்வாக ஆக்கிக்கொண்டவர், இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித யோசேப்பு வாஸ் அடிகளார்.

இவர் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். அந்நாட்களில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் டச்சுக்காரர் வசம் இருந்தன. அவர்கள் 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குருக்களுக்குப் புகலிடம் கொடுப்பதையும் தடைசெய்தனர். மக்களிடம் விசுவாசம் இருந்தது. ஆனால் திருப்பலி நிறைவேற்றவும், சாகும் தறுவாயில் அருகிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்கவும் குரு இல்லை.

இச்செய்தி அடிகளாரின் உள்ளத்தை உருக்கியது. தூரத்திலிருந்து செபிப்பதோடு அவர் நிற்கவில்லை. 1687-இல் எளிய கூலியாளைப் போல வேடமிட்டு, தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். சில்லாலைக் கத்தோலிக்கர் அவரை மறைத்துக் காத்தனர். தமிழும் சிங்களமும் கற்று, இரவு வேளைகளில் இல்லங்களைச் சந்தித்தார். 1692-இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கீசிய ஒற்றர் என்ற ஐயத்தால் சிறைப்பட்டார்.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னர் நகரை விட்டு அகன்றார். உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். எட்வர்ட் ஜென்னர் அம்மைத் தடுப்பூசியைக் கண்டது 1796-இல்தான். ஆதலால் அடிகளாரிடம் நோய் தீர்க்கும் மருந்து ஏதும் இல்லை. ஆயினும் அவர் போகவில்லை. தம் மருமகனான யோசேப்பு கர்வாலோ அடிகளாருடன் சேர்ந்து குடிசைகள் அமைத்தார், புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். எம்மதத்தினர் என்று கேட்கவில்லை. அவரை ஐயுற்ற அரண்மனையும் அதன்பின் அவரை மதித்தது.

இலங்கையில் 24 ஆண்டுகள் உழைத்த அடிகளார், கோவாவுக்குத் திரும்பாமலே 1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்புத் தோழியரே! நோயுற்ற தோழிக்காகச் செபமாலை சொல்கிறோம், அது நல்லதே. ஆனால் அவள் வீட்டுப் படியேறி, சிறிது நேரம் அவளருகில் அமர நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம்? திண்ணையில் தனித்திருக்கும் பாட்டியிடம் பேச நமக்கு நேரம் இருக்கிறதா? கொடுக்க ஒன்றுமில்லாதபோதும் உடனிருக்க நம்மால் இயலும். புனித யோசேப்பு வாஸைப் போல, நாமும் தேடிச் செல்வோமாக!