பாட்டே இல்லாமல் படம் எடுத்த வீணை வித்வான்!

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் கொட்டகையில் படம் உண்டு என்பதை ஊருக்குச் சொன்னது பாட்டுதான். பொழுது சாயும் நேரம். வயலில் வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்புவார்கள். டூரிங் கொட்டகையின் ஒலிபெருக்கியில் இசைத்தட்டு சுழலத் தொடங்கும். அந்தப் பாட்டு காதில் விழுந்ததும் பெண்கள் அவசரம் அவசரமாக உலை வைப்பார்கள். பிள்ளைகள் மணல் தரையில் இடம் பிடிக்க ஓடுவார்கள். ஒரு படத்தில் பத்துப் பாட்டு என்பது குறைவு. பதினைந்து, இருபது பாட்டு இருந்தால்தான் கொடுத்த காசுக்கு நியாயம்!

அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் ஒருவர் தமிழ்ப்படம் எடுத்தார். நடனம் இல்லை. சண்டை இல்லை. ஒரு கொலை. அதைச் செய்தது யார்? இவ்வளவுதான் படம்.

எடுத்தவர் சங்கீதம் தெரியாதவரா? இல்லை. பின்னாளில் உலகம் முழுதும் வீணை வாசித்துப் புகழ் பெற்ற எஸ். பாலசந்தர்தான் அவர். (“நீர்க்குமிழி” எடுத்த கே. பாலசந்தர் வேறு, இவர் வேறு. இருவரையும் ஒருவராக எண்ணிவிடுவோர் இன்றும் உண்டு.)

ராவணன் சபையில் சிறுவன்

பாலசந்தர் 1927 ஜனவரி 18-ந் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுந்தரம் அய்யர் வக்கீல். ஆனால் வீட்டில் கோர்ட்டு விவகாரத்தைவிடச் சங்கீதந்தான் அதிகம் ஒலித்தது. அண்ணன் எஸ். ராஜம் பாடகர், சித்திரக்காரர். தமக்கை ஜெயலட்சுமியும் பாடுவார்.

1934-ல் பிரபாத் கம்பெனியார் “சீதா கல்யாணம்” என்ற தமிழ்ப் பேசும் படத்தை எடுத்தார்கள். அதில் ராஜம் ராமராக நடித்தார். ஜெயலட்சுமி சீதை. தந்தையே ஜனக மகாராஜா! குடும்பமே வெள்ளித்திரையில் இருக்கக் கடைக்குட்டி மட்டும் சும்மா இருப்பானா? ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக வந்தான் பாலசந்தர். அப்போது வயது ஏழு.

கஞ்சிராவோடு நிற்கவில்லை. தபேலா, ஆர்மோனியம், தில்ரூபா, சித்தார் என்று கையில் கிடைத்த வாத்தியத்தை எல்லாம் வாசித்தான். அண்ணன் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனான். பிறகு வீணை கைக்கு வந்தது. வீணைக்கு அவருக்குக் குரு கிடையாது. கேட்டுக் கேட்டு, வாசித்து வாசித்து, தானே கற்றுக்கொண்டார். இந்தப் பிடிவாதம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

சினிமாவும் விடவில்லை. 1948-ல் “இது நிஜமா” படத்தில் இரட்டை வேடத்தில் நடித்து, இசையும் அமைத்தார். இருவராக ஒருவரே ஒரே காட்சியில் தோன்றுவது அந்த நாளில் பெரிய அதிசயம். 1951-ல் “கைதி” படத்தை டைரக்ட் செய்து அதில் நடித்தார். அப்போது வயது இருபத்து நான்கு!

ஜப்பான் படம்

ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசவா 1950-ல் எடுத்த “ரஷோமோன்” என்ற படத்தைப் பாலசந்தர் பார்த்தார். ஒரே கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுகிறார்கள். எது உண்மை? பார்ப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த முறை அவர் மனத்தில் தைத்துவிட்டது.

அதே முறையில் தமிழ்நாட்டுக் கதை ஒன்றை எழுதினார். ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் கொண்டுபோனார். பாட்டு வேண்டாம் என்றும் சொன்னார். செட்டியார் வியாபாரத்தில் கைதேர்ந்தவர். இதில் பணம் வருமா என்ற சந்தேகம் எவருக்கும் வரும். இருந்தும் சம்மதித்தார்! முதலில் வேறொருவரைக் கதாநாயகனாகப் போட்டுப் படம் எடுத்தார்கள். திருப்தி இல்லை. எடுத்ததைத் தள்ளிவிட்டு, சிவாஜி கணேசனை வைத்து மறுபடி எடுத்தார்கள்.

“அந்த நாள்” 1954 ஏப்ரல் 13-ந் தேதி வெளிவந்தது.

1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்டது. அந்தச் சமயத்தில் நடக்கிறது கதை. ரேடியோ என்ஜினியர் ராஜன் துப்பாக்கியால் சுடப்படுகிறான். படம் தொடங்கியதும் கதாநாயகன் பிணம்! மனைவி, தம்பி, தம்பி மனைவி, அடுத்த வீட்டுக்காரர், ஒரு நடனக்காரி ஆகியோர்மேல் சந்தேகம் விழுகிறது. ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரி. திரைக்கதை, வசனம் எழுதியவரும் அவரே. ஒவ்வொருவர் பேச்சிலும் செத்துப்போன ராஜன் ஒவ்வொரு மனிதனாக எழுந்து வருகிறான். மனைவியாக வரும் பண்டரிபாயின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

பத்திரிகைகள் பாராட்டின. மத்திய சர்க்கார் நற்சான்றிதழ் கொடுத்தது. ஆனால் ஜனங்கள்? பாட்டு எங்கே என்று கேட்டார்கள். வசூல் விழுந்தது. படத்தின் மதிப்பு பின்னாளில்தான் உயர்ந்தது.

பாரிசிலும் அதே நேரம்

இதில் ஒரு வேடிக்கை. “அந்த நாள்” வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 1954 மார்ச்சில், பிரான்சு நாட்டில் ஒரு திருடன் படம் வெளியாயிற்று. டைரக்டர் ழாக் பெக்கர். கதாநாயகன் ழான் கபேன். தங்கக் கட்டிகளைக் கொள்ளையடித்துவிட்டு, இனி ஓய்வு எடுக்கலாம் என்று நினைக்கும் வயதான திருடன் கதை. சிநேகிதனைக் காப்பாற்றத் தங்கத்தை இழக்கிறான். படத்தில் மனத்தில் நிற்பது துப்பாக்கிச் சண்டை அல்ல. இரண்டு கிழட்டுத் திருடர்கள் ராத்திரியில் பிஸ்கோத்துத் தின்று, பல் விளக்கி, படுக்கப் போகும் காட்சிதான்!

அடுத்த வருடம் “ரிஃபிஃபி” வந்தது. நகைக்கடையில் கன்னம் வைக்கிறார்கள். ஏறக்குறைய அரைமணி நேரம் பேச்சு இல்லை. பின்னணி இசையும் இல்லை. கொட்டகையில் மூச்சு விடும் சத்தம் கேட்கும். அதை எடுத்த ஜூல்ஸ் டாசினுக்கு 1955 கேன் விழாவில் டைரக்டர் பரிசு கிடைத்தது. பேசாமலே பயமுறுத்தலாம் என்பதைப் பாரிசில் அவர் காட்டினார். பாடாமலே கட்டிப்போடலாம் என்பதை அதற்கு முன்பே சென்னையில் பாலசந்தர் காட்டிவிட்டார். ஒருவருக்குப் பரிசோடு பணமும் வந்தது. மற்றவருக்குச் சான்றிதழ் மட்டும்.

இந்தப் பிரெஞ்சுப் படங்களைப் பெரியவர்கள் பார்க்கலாம். குழந்தைகளுக்கு ஆகாது. “அந்த நாள்” படத்தைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்தே பார்க்கலாம்.

பொம்மைக்குள் குண்டு

பாலசந்தர் மனம் தளரவில்லை. சொந்தக் கம்பெனி வைத்தார். 1962-ல் “அவனா இவன்”. 1964-ல் “பொம்மை”. குழந்தை விளையாடும் பொம்மைக்குள் வெடிகுண்டு! அது கை மாறி மாறிப் போகிறது. பார்ப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. இப்போது பாட்டு வைக்க அவர் மறுக்கவில்லை. கே. ஜே. யேசுதாஸ் தமிழில் பாடியது இந்தப் படத்தில்தான் தொடங்கியது. கடைசியில் படத்துக்கு உழைத்தவர்களை எல்லாம் திரையில் நிறுத்தி ஜனங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். திரைக்குப் பின்னால் இருப்பவர்களின் முகத்தை அதற்குமுன் யார் காட்டினார்கள்?

பிறகு “நடு இரவில்”. தீவு மாளிகையில் கூடிய உறவினர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அகதா கிறிஸ்டி நாவலைத் தழுவியது. எடுத்து முடித்தும் வாங்குவார் இல்லை. சில வருடம் பெட்டியிலேயே கிடந்தது. 1970-ல் வெளிவந்தது. அதுவே அவருடைய கடைசிப் படம்.

அதன்பின் வீணை ஒன்றுதான். 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தார். 1982-ல் பத்மபூஷண் கிடைத்தது. சங்கீத உலகத்தில் பெரியவர்களோடு வாதாடவும் அவர் தயங்கவில்லை. அதனால் சிலருடைய கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார். படத்தில் பாட்டு வேண்டாம் என்று நின்ற அதே மனிதர்தானே!

இதற்கிடையே, 1978-ல் இன்னொரு கொலைப்படம் தமிழ்நாட்டை உலுக்கியது. “சிகப்பு ரோஜாக்கள்”. டைரக்டர் பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர். இசையமைத்த இளையராஜா கம்பம் பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர். இரண்டே பாட்டு. மீதி நேரமெல்லாம் பின்னணி இசைதான் ஜனங்களை நடுங்க வைத்தது. பாட்டுக் கேட்டுக் கொட்டகைக்கு ஓடிய பள்ளத்தாக்கிலிருந்து வந்த பிள்ளைகள்!

பாலசந்தர் 1990-ல் கச்சேரிக்காகப் பிலாய் நகருக்குப் போனார். போன இடத்தில் காலமானார். வயது அறுபத்து மூன்று. அன்று ஏப்ரல் 13-ந் தேதி. “அந்த நாள்” வெளிவந்து சரியாக முப்பத்தாறு வருடம்.

அந்தப் படத்தை இன்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு விஷயம். கொலை செய்தது யார் என்பது வீட்டில் ஒரு தாத்தாவுக்காவது தெரிந்திருக்கும். படம் முடியும்வரை அவருக்கு வெற்றிலைப் பெட்டியைக் கொடுத்துத் திண்ணையில் உட்கார வையுங்கள்.